மறுநாளே அடைத்துவிடுவார்களா? டர்ட்டி கவ் ஓட்டைக்கு வயது 9 அல்ல, 11

கொழிஞ்சாம்பாறையான்:
நேற்று பள்ளி லேப் பற்றிய பேச்சில் பொள்ளாச்சி பைட் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "லினக்ஸ் கெர்னலில் ஓட்டை தெரிந்தால் மறுநாளே அடைத்துவிடுவார்கள், பாலக்காட்டுப் பள்ளிகளில் லினக்ஸ்தானே ஓடுகிறது, பயப்பட எதுவும் இல்லை" என்கிறார். லினக்ஸின் மையப் பகுதியான அந்தக் கெர்னலிலேயே டர்ட்டி கவ் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்ததே, ஓட்டைகளுக்குப் போடும் பொது எண் சிவிஇ-2016-5195, அதை என்ன செய்வது? அடைத்தது 2016 அக்டோபரில். அந்தப் பேட்சின், அதாவது அடைத்த திருத்தத்தின், குறிப்பில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே எழுதியிருக்கிறார்: இது ரொம்பப் பழைய பக், பதினோரு வருடம் முன்பே சரிசெய்யப் பார்த்தேன், அதைச் சரியாகச் செய்யவில்லை, ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் சிக்கல் வந்ததால் அதையும் எடுத்துவிட்டோம் என்று. 2005-இல் தெரிந்தது, 2016-இல் அடைத்தது. 11 வருடம்.

பொள்ளாச்சி_பைட்:
கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஓட்டை இருப்பது 2.6.22 கெர்னலிலிருந்து. அது வந்தது 2007-இல். 16-இல் 7 போனால் 9. எந்த அறிவிப்பை எடுத்தாலும் 2.6.22 என்றுதான் இருக்கும். 2016-இல் விஷயம் வெளியே வந்த கையோடு 4.8.3, 4.7.9, 4.4.26 என்று திருத்திய கெர்னல்கள் மூன்றும் வந்துவிட்டன. நான் சொன்ன வேகம் அதுதான்.

கொழிஞ்சாம்பாறையான்:
அறிவிப்பைப் படித்தீர்கள், பேட்சைப் படிக்கவில்லை. அந்த ரேஸ், அதாவது இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் பிழை, எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் 9 என்று சொல்லமாட்டீர்கள் தம்பி.

படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு கோப்பை ஒருவன் மெமரியில் தனக்கென்று மேப் செய்கிறான். பிறகு அதில் எழுதப் போகிறான். கெர்னல் அசலைத் தொடவிடாது, ஒரு நகல் எடுக்கும். இதுதான் காப்பி ஆன் ரைட். நகல் எடுத்ததும், "எழுத வேண்டும்" என்ற குறியைக் கழற்றிவிட்டு அந்தப் பேஜை, அதாவது மெமரித் துண்டை, மறுபடி தேடும். அந்த இடுக்கில் அதே நிரலில் கூடவே ஓடும் இன்னொரு த்ரெட், "இந்த மெமரி வேண்டாம்" என்று சொல்லும் மேட்வைஸை அழைத்து நகலைத் தூக்கி எறிந்துவிடுகிறது. கெர்னல் தேடிப் போனால் நகல் இல்லை. எழுதும் குறியும் இல்லாததால், படிக்கத்தானே கேட்கிறார்கள் என்று அசல் பேஜையே எடுத்துக் கொடுக்கிறது. எழுத்து அசலில் விழுகிறது. அசல் பயனர் கணக்குகள் இருக்கும் கோப்பாக இருந்தால் சாதாரணப் பயனர் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ளவர், ஆகிவிடுவார்.

லினஸ் 2005-இல் சரிசெய்யப் பார்த்தது இந்த எழுதும் ரேஸைத்தான். வேறு எதையும் அல்ல. அப்படியிருக்க, 11 வருடம் என்பதில் என்ன சந்தேகம்?

பொள்ளாச்சி_பைட்:
யார் தம்பி? எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதே குறிப்பில் லினஸ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: அன்றைக்கு அது ஏட்டளவில் மட்டும் இருந்த ரேஸ், மெமரி நிர்வாகம் வளர்ந்த பிறகுதான் கிளப்புவது எளிதானது. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஏட்டளவில் இருப்பது ஓட்டை ஆகாது. 9.

வண்ணாமடை_மாஷ்:
ஒரு சந்தேகம். எங்கள் லேபில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் கொடுத்த லினக்ஸ்தான், உபுண்டு அடிப்படையிலானது. அப்டேட் போட்டால் புதிய கெர்னல் இறங்குகிறது, ஆனால் சில கணினிகளில் வைஃபை போய்விடுகிறது. அதனால் பையன்கள் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகிறார்கள். ஓடும் கெர்னலின் எண்ணைக் காட்டும் யூநேம் மைனஸ் ஆர் கொடுத்துப் பார்த்தால் பழைய எண்தான் காட்டுகிறது. அப்படியானால் பேட்ச் வந்தும் எங்களுக்கு வராத கணக்குதானே?

கொழிஞ்சாம்பாறையான்:
ஆமாம் மாஷே, வராத கணக்குதான். ஓடுகிற கெர்னல் எதுவோ அதிலுள்ள ஓட்டைதான் உங்களுடையது. வைஃபை டிரைவரைப் புதிய கெர்னலுக்கு மறுபடி கட்டச் சொல்லுங்கள். அது இருக்கட்டும், 9 என்பவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

எஸ்390-இல், பேஜில் எழுதியாயிற்று என்று காட்டும் டர்ட்டி பிட், பேஜ்களின் பட்டியலான பேஜ் டேபிளில் இல்லாமல் வேறிடத்தில் இருந்ததுதான் 2005-இல் வந்த தடை. அது சரியானது 3.9 கெர்னலில், 2013-இல். தடை நீங்கிய பிறகும் 3 வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் போட்ட பேட்ச் எவ்வளவு தெரியுமா? இரண்டு கோப்புகளில் சில வரிகள். எழுதும் குறியைக் கழற்றாதே, நகல் எடுத்தாயிற்று என்று தனிக்குறி வை, டர்ட்டி பிட்டைப் பார்த்துவிட்டு எழுதவிடு. அவ்வளவுதான். இந்தச் சில வரிகளுக்கு 11 வருடம்.

மீனாட்சிபுரத்தாள்:
இரண்டு பேருமே 2.6.22-ஐப் பிடித்துத் தொங்குகிறீர்கள். சர்வர்களுக்கான லினக்ஸான ரெட் ஹாட் 5 ஓடுவது 2.6.18 கெர்னலில். 2006-இல் வந்த கெர்னல் அது. அதற்கும் இந்த ஓட்டைக்குப் பேட்ச் வந்தது. நான் நிர்வகித்த சர்வர்களில் நானே போட்டேன். அப்புறம் எப்படி 2007-இல் தொடங்கியது என்கிறீர்கள்?

பொள்ளாச்சி_பைட்:
ரெட் ஹாட் புதிய கெர்னலில் இருப்பதைப் பழைய எண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் அம்மணி. எண் 2.6.18 என்றால் உள்ளே இருப்பதெல்லாம் 2006 சரக்கு என்று அர்த்தமில்லை. சர்வர் பார்க்கிறவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீனாட்சிபுரத்தாள்:
சர்வர் பார்க்கிறவருக்குத் தெரியும். அவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள் என்று காட்டிவிட்டுப் பேசுங்கள். காட்டாமல் 9, 9 என்றால் நம்பிவிட வேண்டுமா?

கோபாலபுரம்_செக்போஸ்ட்:
ப்ராக் என்ற கெர்னல் கோப்புகள் வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலின் மெமரியில் எழுத மறுபடி அனுமதித்தது 2.6.39-இல், 2011-இல். ஊரெல்லாம் சுற்றிய எக்ஸ்ப்ளாய்ட், அதாவது ஓட்டையில் நுழையும் நிரல், அந்த வழியில்தான் வந்தது. அதன்படி பார்த்தால் 5 வருடம்.

மீனாட்சிபுரத்தாள்:
ஒரு நிரலை இன்னொரு நிரல் கண்காணிக்க உதவும் பீட்ரேஸ் வழி இருக்கிறதே. அந்த எழுதும் வழி இல்லாத ரெட் ஹாட்டிலும் பீட்ரேஸ் மூலம் நுழைய முடிந்தது. 5 எல்லாம் கணக்கிலேயே இல்லை.

கொழிஞ்சாம்பாறையான்:
செக்போஸ்ட், கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் லினக்ஸ் முகாம் போட்டபோது பாதியில் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியவர் நீங்கள். இப்போது 5 என்று வந்து நிற்கிறீர்கள்.

கோபாலபுரம்_செக்போஸ்ட்:
அது என் பென்டிரைவ். வந்தவர்களுக்குச் சோறு வாங்கக்கூட காசில்லாமல் முகாம் போட்டவர் பேசுகிறார்.

பொள்ளாச்சி_பைட்:
கேரளத்தில் இருப்பவர்களுக்கு எப்போதும் தாங்கள்தான் லினக்ஸைக் கண்டுபிடித்தோம் என்ற நினைப்பு. பாஸ் என்ற இந்திய லினக்ஸைச் செய்தது அரசு ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக். அதை மறக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறையான்:
செய்தார்கள், சரி. எத்தனை பள்ளியில் அதைத் திறந்து பாடம் நடத்தினார்கள்? எங்கள் பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையே லினக்ஸில் எழுதுகிறார்கள். அவர்கள் உட்காரும் கணினி என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம். மறுநாளே அடைத்துவிடுவார்கள் என்று ஒருவர் சொல்ல, அதை நம்பி அப்டேட் போடாமல் விட்டால் யார் பொறுப்பு?

இன்னொன்றும் சொல்கிறேன். 2016-இல் இதைக் கண்டவர் ஃபில் ஓஸ்டர். தன் சர்வருக்கு வந்த எச்டிடிபி, அதாவது வலைப் போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார், அதற்குள்ளிருந்து எக்ஸ்ப்ளாய்ட்டை எடுத்தார். அதாவது, சரிசெய்கிறவர்களுக்கு முன்னால் திருடனுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் மறுநாள் யாருடைய மறுநாள்?

பொள்ளாச்சி_பைட்:
ஓஸ்டர் சொன்ன பிறகு எத்தனை நாளில் வந்தது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டுக்குத்தான் 2016 டிசம்பர் பேட்ச் வரை ஆனது. அது போன் கம்பெனிகளின் தாமதம், கெர்னலின் தாமதம் அல்ல. தெரிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையான்:
தெரிந்த நாள் 2005 என்றுதானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்!

அதுவும் போகட்டும். 2016 பேட்சாவது முழுசா? 2017 நவம்பரில் பெரிய பேஜ்களில் அதே இடம் மறுபடி உடைந்தது, சிவிஇ-2017-1000405. டர்ட்டி பிட் இருந்தால் நகல் எடுத்தாயிற்று என்று அந்தப் பேட்ச் நம்பியது. பெரிய பேஜில் நகல் எடுக்காமலேயே டர்ட்டி பிட்டைப் போடும் வழி ஒன்று கெர்னலுக்குள்ளேயே இருந்தது. 2005-இலிருந்து 2017. இப்போது 12.

பொள்ளாச்சி_பைட்:
அது வேறு சிவிஇ. அதை வைத்து வட்டில் இருக்கும் சாதாரணக் கோப்பை மாற்ற முடியாது, பூஜ்ஜியம் மட்டும் இருக்கும் சுழியப் பேஜும், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு மெமரியும்தான் மாட்டும். வேறு ஓட்டையை இதனுடன் சேர்த்து 12 என்கிறீர்கள். நாளைக்கு 2022-இல் வந்த டர்ட்டி பைப் என்ற இன்னொரு ஓட்டையையும் சேர்த்து 17 என்பீர்களா?

வண்ணாமடை_மாஷ்:
அந்த டிரைவரை மறுபடி கட்டுவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள். நாளைக்கு லேப் இருக்கிறது.

மீனாட்சிபுரத்தாள்:
மாஷே, டிரைவர்களைக் கெர்னலுக்கு ஏற்பக் கட்டும் கருவியான டிகேஎம்எஸ்ஸில் ஸ்டேட்டஸ் கொடுத்து வருவதை இங்கே போடுங்கள், பார்க்கிறேன். அப்புறம் பைட், ரெட் ஹாட் 5-க்கு நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பொள்ளாச்சி_பைட்:
பதில் சொல்லியாயிற்று. 2.6.22. 2007. 9.

கொழிஞ்சாம்பாறையான்:
பேட்சின் குறிப்பைத் திறந்து முதல் பத்தியைப் படியுங்கள். பதினோரு வருடம் என்று எழுத்தால் எழுதியிருக்கிறார், எண்ணால்கூட இல்லை.