மதுரை–கொழும்பு–கோலாலம்பூர்: நடுவில் கிடைக்கும் ஒரு பகலில் கொழும்பைச் சுற்ற முடியுமா?

கேட்டவர்: கீழக்கரை மாணவன்

கோலாலம்பூரில் படிக்கிறேன். லீவு முடிந்து கொழும்பு வழியாகத் திரும்புகிறேன், ஒரே டிக்கெட். காலை 10.15க்கு கொழும்பு ஏர்போர்ட்டான கட்டுநாயக்காவில் இறங்கினால் அடுத்த விமானம் நள்ளிரவு 12.30க்குத்தான். தனியாகத்தான் போகிறேன். 2,000 இந்திய ரூபாய்க்கு மேல் செலவழிக்க வழியில்லை. சிவப்புப் பள்ளிவாசல், மியூசியம், தாமரைக் கோபுரம், களனி விகாரை, வெள்ளவத்தை, காலிமுகத்திடல் என்று லிஸ்ட் போட்டிருக்கிறேன். 14 மணி நேரம் இருக்கிறதே, எல்லாம் முடியுமா? வெளியே வர விசா வேண்டுமா?

மண்டபம் கேம்ப்

தம்பி, 14 மணி நேரம் டிக்கெட்டில்தான். இமிக்ரேஷன் முடிந்து வெளியே வரவே 11 மணிக்கு மேல் ஆகும். ஊருக்குள் போக ஒரு மணி நேரம். ராத்திரி 9.30க்குள் ஏர்போர்ட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்றால் 7 மணிக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கணும். கையில் நிற்பது ஆறேழு மணி நேரம். மூன்று இடம் பார்க்கலாம், ஆறு முடியாது.

வெளியே வருவதாக இருந்தால் இடிஏ (ETA) என்கிற ஆன்லைன் பயண அனுமதி வேண்டும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பே ஆன்லைனில் போட்டுவிடு. தேடினால் மேலே வருவதெல்லாம் அரசுத் தளம் இல்லை. அச்சு அசலாக அதே மாதிரி வைத்துக்கொண்டு கூடுதலாகப் பிடுங்கும் ஏஜென்ட் தளங்கள் நிறைய. முகவரியின் முடிவில் .gov.lk இருக்கிறதா என்று பார். பாஸ்போர்ட் நம்பரில் ஒரு எழுத்து தப்பினாலும் கவுண்டரில் நிற்க வைப்பார்கள்.

மதுரையிலேயே இரண்டு போர்டிங் பாஸையும் கேட்டு வாங்கு. பெட்டியில் ஒட்டும் டேக்கில் கோலாலம்பூரின் கேயுஎல் இருக்கணும். கொழும்பின் சிஎம்பி மட்டும் இருந்தால் அங்கேயே சொல்லி மாற்று, இல்லாவிட்டால் பெட்டியைச் சுமந்துகொண்டுதான் ஊர் சுற்றணும். வீட்டில் கட்டிக் கொடுக்கும் தொதல் இனிப்பையும் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடு. (கொழும்பிலும் தொதல் விற்கும், பேரும் அதேதான்.)

ஊரிலிருந்து வரும்போது மாட்டுத்தாவணி வரை போகாதே. விரகனூர் ரவுண்டானாவில் இறங்கி ரிங் ரோட்டில் மண்டேலா நகர் வழியாகப் போனால் ஏர்போர்ட் பக்கம்.

ஓலைக்குடா

பஸ் விஷயம் சொல்கிறேன். நம்பர் 187. இதில் இரண்டு வகை: எக்ஸ்பிரஸ்வேயில் போகிற ஏசி பஸ், ஜா-எல, வத்தளை வழியாக ஊர் ஊராக நின்று போகிறது. இரண்டாவது சல்லிசு, ஆனால் இரண்டு மணி நேரம் தின்றுவிடும். ஏறும்போதே "ஹைவேயா?" என்று கேள். வாசலில் டாக்சிக்காரர்கள் "பஸ் இல்லை" என்பார்கள், காதில் வாங்காதே. கண்டக்டர் "கொட்டுவ, கொட்டுவ" என்று கூவுவார். சிங்களத்தில் கோட்டை என்று அர்த்தம், உன் பஸ் அதுதான். போர்டுகளில் தமிழும் இருக்கும்: கோட்டை, புறக்கோட்டை, கொள்ளுப்பிட்டி.

திரும்பும்போதுதான் வம்பு. எக்ஸ்பிரஸ்வே பேலியகொடையில்தான் தொடங்குகிறது. புறக்கோட்டையிலிருந்து அதுவரை உள்ள கொஞ்ச தூரம் சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் நகரவே நகராது. 7 மணி என்று மண்டபம் சொன்னது அதற்காகத்தான்; 6.30 என்றால் இன்னும் நிம்மதி.

கேட்டவர்: கீழக்கரை மாணவன்

அப்போ எந்த மூன்று? பணத்தை இங்கேயே மாற்றவா?

மண்டபம் கேம்ப்

முதலில் புறக்கோட்டை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே இரண்டாம் குறுக்குத் தெரு. சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார், அங்குள்ளவர்கள் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908–09ல் நம் கரையிலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகள் கட்டியது. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தில் சுற்றிப் பார்ப்பது நடக்காது, தொழப் போனால் பிரச்சினை இல்லை. சாப்பாட்டையும் அங்கேயே முடி, தமிழ் தாராளமாக எடுபடும்.

அடுத்து 138ம் நம்பர் பஸ்ஸில் தேசிய மியூசியம், 1877ல் திறந்தது. 5 மணிக்கு மூடுவார்கள். நேரமில்லாவிட்டால் மற்றதை விடு, காலி என்கிற ஊரின் மும்மொழிக் கல்வெட்டை மட்டும் விடாதே. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல், 1409 தேதியிட்டது. ஒரே கல்லில் சீனம் புத்தருக்கும், தமிழ் தேனவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகம் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. எழுத்து தேய்ந்திருக்கும், பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் தமிழ் பிடிபடும்.

கடைசியில் காலிமுகத்திடல். இறால் வடை வாங்கிக்கொண்டு கடலைப் பார். அங்கிருந்து கோட்டை பஸ் ஸ்டாண்ட் கிட்டம்.

பணம்: கட்டுநாயக்கா வருகைக் கூடத்திலேயே பேங்க் கவுண்டர்கள் உண்டு. ஒரு இந்திய ரூபாய்க்கு சுமார் மூன்றரை இலங்கை ரூபாய். ஆனால் நம் நோட்டுக்கு ரேட் சரியாகத் தரமாட்டார்கள். ரிங்கிட்டோ டாலரோ மிச்சமிருந்தால் அதை மாற்று. 5,000 இலங்கை ரூபாயில் பஸ், சாப்பாடு, மியூசியம் எல்லாம் அடங்கும்.

தேவிபட்டினம் பொறியியல்

வெள்ளவத்தையை ஏன் விட்டீர்கள்? கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கடலை ஒட்டியே போகும், டிக்கெட்டும் சில்லறைக் காசு. போகும்போது வலப்பக்கம் உட்காரணும். மியூசியத்தில் பிடித்தம் இல்லாவிட்டால் இது நல்லது. 4 மணிக்கு முன் திரும்பிவிடு, அப்புறம் வாசலில் தொங்கிக்கொண்டுதான் வரணும்.

காலிமுகத்திடலில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே வந்து "இன்னைக்கு மட்டும் கோயிலில் யானைத் திருவிழா" என்பார். ஆட்டோவில் ஏற்றி ஒரு விகாரையைக் காட்டிவிட்டு ரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், கமிஷன் அவருக்கு. ஆட்டோ வேண்டுமென்றால் பிக்மீ ஆப்பில் போடு.

கேலண்டரில் பௌர்ணமியும் பார்த்துக்கொள். போயா அன்று அரசு விடுமுறை, புறக்கோட்டையில் பாதிக் கடை திறக்காது.

பாம்பன் வாடைக்காற்று

நாகப்பட்டினம் கப்பலில் போனால் இன்னும் மலிவு இல்லையா?

ஓலைக்குடா

அது காங்கேசன்துறைக்குப் போகிறது, யாழ்ப்பாணத்துக்கு மேலே. கொழும்பு அங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். தம்பிக்குக் கோலாலம்பூர் டிக்கெட் வேறு கையில் இருக்கிறது.

தம்பி, விமானம் ஏறுமுன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடு. தனுஷ்கோடியில் நிற்கும்போதே போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிப்பது உனக்குத் தெரியாததா. வருகைக் கூடத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் சிம் கிடைக்கும்.