குன்னூர் – அருவங்காடு ஏற்றத்துக்கு மின்சார சைக்கிள் தாங்குமா?

தேயிலைச்சரிவு (குன்னூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் குன்னூர் பேருந்து நிலையத்துக்கு மேலே, ஒரு செங்குத்தான சந்தின் முடிவில் குடியிருக்கிறேன். அருவங்காட்டில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். காலைப் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைப்பதில்லை. ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கமில்லை, ஆனால் சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். அதனால் மின்சார சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

கோயம்புத்தூர்க் கடையில் இரண்டு வகை காட்டினார்கள். முதலாவது 36 வோல்ட், 7.5 ஆம்பியர் ஹவர் பேட்டரியும், பின்சக்கரத்துக்குள் 250 வாட் மோட்டாரும், ஏழு கியரும் கொண்டது. ஒருமுறை சார்ஜ் செய்தால் 40 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். இரண்டாவதில் மோட்டாரும் பேட்டரியும் அதே அளவுதான், ஆனால் கியர் கிடையாது, விலையும் குறைவு. உறவினர் ஒருவரோ, வீட்டில் இருக்கும் பழைய சைக்கிளிலேயே 750 வாட் மோட்டார் கிட் பொருத்திக்கொண்டால் எந்த ஏற்றமும் ஒரு பொருட்டில்லை என்கிறார். இவற்றில் எது நம் மலைக்குச் சரிவரும்? ஓட்டுநர் உரிமம் வேண்டுமா? மழையிலும் மார்கழிக் குளிரிலும் பேட்டரி எப்படியிருக்கும்? மலையில் சொந்தமாக வைத்து ஓட்டுபவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

கேத்தி ஆசிரியர்:

வணக்கம் அம்மா. நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். கடைக்காரர் சொன்ன 40 கிலோமீட்டர் சமவெளிக் கணக்கு. மலையில் இருப்பவர்கள் தூரத்தைவிட உயரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் மலை ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகையிலேயே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,710 மீட்டர், அருவங்காடு ஏறத்தாழ 1,880 மீட்டர். ஆகவே நீங்கள் தினமும் ஏற வேண்டியது ஏறக்குறைய 170 மீட்டர்.

நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 170 மீட்டர் மேலே கொண்டுபோக 46 வாட் ஹவர் ஆற்றல் வேண்டும். ஆறு கிலோமீட்டர்ச் சாலையில் டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னும் இருபதிலிருந்து முப்பது வாட் ஹவர் போகும். மோட்டாரும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் வாங்கும் மின்சாரம் முழுவதையும் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவதில்லை. ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். எனவே நீங்கள் மிதிக்காமல் மோட்டாரையே நம்பிப் போனாலும் காலைப் பயணத்துக்கு 100 வாட் ஹவர் அல்லது அதற்குச் சற்று மேல் செலவாகும். மூன்றில் ஒரு பங்கு உழைப்பை நீங்கள் கொடுத்தால் 70 வாட் ஹவரிலேயே முடிந்துவிடும். 36-ஐ 7.5-ஆல் பெருக்கினால் உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 270 வாட் ஹவர். மாலையில் சாலை முழுவதும் இறக்கம், கடைசியில் மட்டும் உங்கள் சந்து. ஆகவே இந்தப் பேட்டரி உங்களுக்குத் தாராளமாகப் போதும். முழு சார்ஜுக்கு ஆகும் மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட்தான் என்பதால் மின்கட்டணத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

இதே பேட்டரியுடன் உதகைக்குப் போக நினைத்தால் நிலைமை வேறு. அங்கே ஏறக்குறைய 490 மீட்டர் ஏற வேண்டும். மிதித்துக்கொண்டே போனால் போய்ச் சேரலாம், மோட்டாரை மட்டும் நம்பினால் நடுவழியில் நின்றுவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவது ஏறத்தாழ 1,380 மீட்டர். அந்த உயரத்துக்கு மட்டுமே 375 வாட் ஹவர் தேவைப்படுவதால், ஒரு சொட்டு ஆற்றல்கூட வீணாகாவிட்டாலும் 270 வாட் ஹவர் பேட்டரி போதாது. அதனால் கோயம்புத்தூரில் வாங்கும் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உதகை சைக்கிள் பட்டறை:

ஐயா சொன்ன கணக்கு சரி. பேட்டரி போதும் என்பதால் மோட்டாரும் தாங்கிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இங்கே பட்டறைக்குப் பழுதாகி வரும் மின்சார சைக்கிள்களில் பேட்டரி தீர்ந்துபோன கதையைவிட மோட்டார் சூடேறிக் கெட்ட கதைதான் அதிகம்.

பின்சக்கர ஹப் மோட்டார், சக்கரம் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும்போதுதான் திறமையாக வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. செங்குத்தான இடத்தில் வேகம் 7, 8 கிலோமீட்டராகக் குறையும்போது, உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சுருளைச் சூடாக்குவதிலேயே போய்விடும். பெரும்பாலான சிறிய ஹப் மோட்டார்களுக்குள் நைலான் பல் சக்கரங்கள் இருக்கின்றன. அந்தச் சூட்டில் அவை இளகி, பற்கள் தேய்ந்து, கரகரவென்று சத்தம் கொடுக்கத் தொடங்கும். இதைத் தவிர்க்க ஒரே வழி, ஏற்றத்தில் உங்கள் காலும் சேர்ந்து வேலை செய்வது. அதற்குச் சின்ன கியர் வேண்டும். எனவே கியர் இல்லாத வண்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குன்னூருக்கு வாங்காதீர்கள்.

ஏழு கியர் வண்டியிலும் ஒன்றைப் பாருங்கள். பின்னால் இருக்கும் ஃப்ரீவீலின் மிகப் பெரிய பல் சக்கரத்தில் எத்தனை பற்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். வழக்கமாக 28 இருக்கும். முன்னால் 42 பல், பின்னால் 28 பல் என்றால், 26 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் கால் நிமிடத்துக்கு 43 சுற்றுதான் சுற்றும். அது முழங்காலை வருத்தும். பின்னால் 34 பல் கொண்ட ஃப்ரீவீலும் முன்னால் 32 பல் சக்கரமும் மாற்றிவிட்டால் அதே வேகத்தில் 68 சுற்று வரும். மூச்சு வாங்காமல் மிதித்துக்கொண்டே ஏறலாம். செயினை இரண்டு கண்ணி கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும், செயினை ஒரு பல் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டிரெய்லர் (derailleur) 34 பல்லுக்கு எட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வாங்கும்போதே கடையில் சொல்லிச் செய்துகொண்டால் செலவு அதிகமாகாது. நெடுஞ்சாலையைவிட உங்கள் வீட்டுச் சந்தின் கடைசி நூறு அடிக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மிதிப்பவரின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப மோட்டாரை ஓட்டும் டார்க் சென்சார் கிடைத்தால் கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தாலும் வாங்கலாம். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் சாதாரண சென்சாரில், ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது அரைச்சுற்று மிதித்த பிறகே மோட்டார் விழிக்கும். அந்த அரைச்சுற்றுக்குள் வண்டி பின்னால் உருளப் பார்க்கும். மிதிக்காமலேயே மோட்டாரை ஓட்டும் கைத்திருகி, அதாவது த்ராட்டில், இருந்தால் அதைக் கிளம்புவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

உறவினர் சொன்ன 750 வாட் கிட் வேண்டாம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவும் உரிமமும் காப்பீடும் வேண்டியதில்லை. அந்த வரம்பைத் தாண்டினால் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். நாளை யார் மீதாவது மோதிவிட்டால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். பழைய சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும், சக்கர வளையத்தை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக்கும் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவையும் அல்ல.

பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர்கள்கூட மோட்டார் சக்கரத்தைக் கழற்றத் தயங்குவார்கள். சக்கரத்தைக் கழற்றாமலேயே டயரை ஒரு பக்கம் விலக்கி, டியூபை இழுத்து ஒட்டிவிடலாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

பெருமாள்மலை – கொடை:

பழநி மலையிலிருந்து எழுதுகிறேன். பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானலுக்கு வேலைக்குப் போய் வருகிறேன்; உங்களைப் போலவே காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம். மேலே எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசியிருப்பதால் நான் இறங்குவதைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஏறும்போது சேர்த்த ஆற்றல் அனைத்தும் இறங்கும்போது காற்றிலும் பிரேக்கிலும்தான் கரைய வேண்டும். 100 கிலோ எடை உதகையிலிருந்து குன்னூருக்கு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் பெரும்பங்கை சக்கரத்தோடு சுற்றும் உள்ளங்கை அகல டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் நகத்தளவு பேட்களும் தாங்க வேண்டியிருக்கிறது. ரிம் பிரேக் கொண்ட வண்டியை மலையில் யோசிக்கவே வேண்டாம். ஹைட்ராலிக் டிஸ்க் கிடைத்தால் நல்லது. கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்காக இருந்தால், பேட் தேயத் தேய லீவர் கைப்பிடியை நெருங்கி வரும். கேபிள் முனையில் இருக்கும் திருகைத் திருகி அவ்வப்போது இறுக்கிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் சாலையின் மணலும் சேறும் சேர்ந்து பேட்டை அரைத்துவிடுவதால், கோடையில் பல மாதம் வந்த பேட் ஐப்பசியில் அதைவிட மிகச் சீக்கிரம் தேய்ந்துபோகும். உங்கள் குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமானது; அது தொடங்குவதற்கு முன்பே ஒரு ஜோடி பேட் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் நேர்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். பிறகு முழுவதும் விட்டுவிடுங்கள். விடும் அந்தச் சில நொடிகளில்தான் டிஸ்க் ஆறும். லீவரைப் பிடித்தவுடன் மோட்டார் தானே நின்றுவிடும் ஒரு சுவிட்ச் எல்லா மின்சார சைக்கிளிலும் இருக்க வேண்டும். கடையிலேயே பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, த்ராட்டிலைத் திருகியபடி ஒவ்வொரு லீவராக அழுத்திப் பாருங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் அந்த வண்டியை வெளியே எடுத்துவராதீர்கள்.

மழையில் ஓட்டலாம். வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் சாலை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், என் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தமான தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவக் கூடாது; ஈரத்துணியால் துடைப்பதே போதும். பேட்டரி உட்காரும் தட்டின் உலோக முனைகளை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள், பச்சை படிந்திருந்தால் அது ஈரம் புகுந்ததன் அடையாளம்.

இன்னொன்று, காட்டெருமை. உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் அந்தி சாய்ந்தால் அவை சாலைக்கு வந்துவிடுகின்றன. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவை முன்பே தலை தூக்கிப் பார்க்கும். நம் வண்டி சத்தமில்லாமல் வளைவைத் திரும்பி அருகில் போய் நிற்கும்போது அவை மிரளும். மிரண்ட காட்டெருமையின் முன் சைக்கிளோடு நிற்பது மிகவும் ஆபத்தானது. வளைவுக்கு முன்பே மணியடியுங்கள், நல்ல முன்விளக்கு போடுங்கள். பார்த்துவிட்டால் தொலைவிலேயே நின்று, அது கடந்து போகும்வரை காத்திருங்கள். பள்ளி விட்டதும் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

தேயிலைச்சரிவு (குன்னூர்):

மூவருக்கும் மிக்க நன்றி. கியர் உள்ளதையே எடுத்துக்கொள்கிறேன். பின்னால் 34 பல் போட்டுத்தரச் சொல்லப்போகிறேன். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் செய்யலாம் என்றார்கள். குளிர்காலக் காலையில் வெளியே நிறுத்தியிருந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடலாமா? ஏப்ரல், மே விடுமுறையில் மதுரைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அப்போது முழு சார்ஜில் வைத்துவிட்டுப் போவது நல்லதா?

கேத்தி ஆசிரியர்:

குளிரில் லித்தியம் பேட்டரியிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சற்றுக் குறையும். வெயில் ஏறியதும் திரும்பிவிடும் என்பதால் அதற்காக அஞ்ச வேண்டாம். ஆனால் சுழியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகப் பழுதாகும். குன்னூரில் உதகை அளவுக்கு உறைபனி விழுவதில்லை என்றாலும், இரவில் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வைப்பதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்ததும் மேலே நீர் பூத்திருந்தால் துடைத்துவிட்டு, அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு சார்ஜில் போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைச் செருக வேண்டாம். மரப்பெட்டி, கம்பளி, திரைச்சீலை ஆகியவற்றுக்கு அருகில் வைத்து இரவு முழுவதும் சார்ஜ் செய்யவும் வேண்டாம். 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும், மாலையில் நீங்கள் விழித்திருக்கும்போதே போட்டு எடுத்துவிடலாம்.

விடுமுறைக்குப் போகும்போது முழுவதும் நிரப்பியோ அடியோடு காலியாகவோ வைக்காமல், பாதி அளவில் வைத்து, வண்டியிலிருந்து கழற்றி, வெயில் படாத அறையில் வைத்துவிட்டுப் போங்கள். ஜூனில் திரும்பி வந்ததும், பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் முழுமையாக சார்ஜ் செய்துகொண்டால் போதும்.