மறு: மறு: ‘பேஸ்லைன் ஹெல்த்’ — இகுவானாவுக்கு என்ன சொல்வது?

க.

அனைவருக்கும் வணக்கம்.

கலாபகசுத் தீவுகளின் இகுவானாக்களைப் பற்றிய களக் கையேடு ஒன்று தமிழாகிறது. படிக்கப்போகிறவர்கள் கால்நடை மருத்துவ மாணவர்கள். ஆறாம் இயலின் தலைப்பே ‘பேஸ்லைன் ஹெல்த் அசெஸ்மென்ட்’. வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குக் கொடுத்தாக வேண்டும். இப்போதைக்கு ‘அடிப்படை உடல்நலச் சோதனை’ என்று போட்டிருக்கிறேன். மெய்ப்புப் பார்த்தவர், “அப்படியானால் விரிவான சோதனை எந்த இயலில்?” என்று கேட்டுவிட்டார்.

பொருள் இதுதான்: பெருங்கேடு எதுவும் இல்லாத காலத்தில் விலங்கை அதன் தீவிலேயே பிடித்து, எடை, நீளம், உடல்வெப்பம், இதயத்துடிப்பு, இரத்தம் எல்லாம் அளந்து குறித்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுவது. பின்னால் எல் நீனோவோ எண்ணெய்க் கசிவோ வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இதற்கு ஒரு சொல் வேண்டும். இரண்டு சொல்லானாலும் சரி.

வே.

‘அடிப்படை’ வேண்டாம், சரி. ‘அடிக்கோடு’ என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: அது எழுத்துக்குக் கீழே இழுப்பது. ‘ஆதாரக் கோடு’ கடன். ‘முன்னிலை நலம்’ என்றால் தன்மை நலமும் படர்க்கை நலமும் எங்கே என்று மாணவன் கேட்பான்.

நம்மிடம் சொல் இருக்கிறது: கட்டளை. ‘தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்ற இடத்தில் கட்டளை உத்தரவு அன்று; பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல். கட்டளைக் கலித்துறையிலும் யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையில் தொடங்கினால் பதினேழு என்று எண்ணி நிறுத்திய அளவு அது. ஒப்பிடுவதற்கென்று வைத்துக்கொண்ட அளவு எதுவோ அது கட்டளை. ‘அள’ என்ற வேர்தான் உள்ளே இருக்கிறது என்பது என் கட்சி. ‘கட்டு’ முன்னால் வந்து அதை இறுக்கியது. கட்டி வைத்த அளவு. ஆகவே, ‘கட்டளை நலம்’.

சு.

வே. ஐயா, சொல் அழகுதான். ஆனால் இன்று ‘கட்டளை நலம்’ என்று படிக்கிறவர், இகுவானாவை நலமாக இருக்கச் சொல்லி ஆணை போட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். கணினிக்காரர்கள் வேறு ‘கமாண்டு’க்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சொல்லின் பழைய பொருளை நாம் மீட்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் மீட்க முடியாது.

என் முன்மொழிவு ‘அடிநிலை’. சிறியது, புணர்ச்சிச் சிக்கல் இல்லை. அடிநிலைத் தரவு, அடிநிலை அளவு, அடிநிலை ஆய்வு என்று எங்கும் ஒட்டும்.

நி.

‘இயல்நலம்’? வினைத்தொகை. இயன்ற நலம், இயல்கின்ற நலம், இயலும் நலம். மூன்று காலமும் உள்ளே அடங்கும்.

மா.

நி. சொன்ன காரணமே அந்தச் சொல்லுக்கு எதிர்க்காரணம். முக்காலத்துக்கும் பொருந்துமென்றால் அது பேஸ்லைனே இல்லை. எந்த ஆண்டு, எந்தத் தீவு, எந்தப் பருவம் என்று ஆணி அடித்து நிறுத்தினால்தான் ஒப்பிட முடியும்.

2001 சனவரியில் ‘ஜெசிகா’ என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவருகே தரைதட்டியது. சான்டா ஃபே தீவைத் தொட்ட எண்ணெய் கொஞ்சம்தான். கரையில் பார்த்தவரை பெரிய சேதம் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஓராண்டில் அங்கிருந்த கடல் இகுவானாக்களில் 62 சதவீதம் செத்தன. எண்ணெய் தொடாத ஹெனோவேசா தீவில் அப்படி நடக்கவில்லை. கசிவுக்கு முன்பிருந்தே ஆண்டுதோறும் எண்ணி, நிறுத்து, இரத்தம் எடுத்து வைத்திருந்ததால்தான் இதைச் சொல்லவே முடிந்தது. அந்தக் குறிப்பேடு இல்லையென்றால் ‘இந்த வருடம் இகுவானா குறைச்சல்’ என்பதோடு போயிருக்கும்.

இன்னொன்று. க. அனுப்பிய இயலைப் படித்தேன். ‘பேஸ்லைன்’ அதில் மூன்று வேறு பொருளில் வருகிறது. ஒரு சொல்லால் மூன்றையும் மூடினால் மாணவன் களத்தில் தப்பு செய்வான்.

ஒன்று, கார்ட்டிகோஸ்டிரோன் பக்கத்தில் வருவது. அழுத்த ஹார்மோனின் ‘பேஸ்லைன்’ வேண்டுமானால் விலங்கைக் கலைத்த நொடியிலிருந்து 3 நிமிடத்துக்குள் இரத்தம் ஊசியில் இருக்க வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் ஊசியோடு தயாராக நிற்க, மூன்றாமவர் கடிகாரம் பார்க்க வேண்டும். 3 நிமிடம் தாண்டினால் பிடிபட்டதால் ஏறிய ஹார்மோனும் சேர்ந்து வரும். பிறகு துணிப்பையில் 30 நிமிடம் வைத்து எடுக்கும் இரண்டாம் மாதிரி, அழுத்தத்துக்கு உடல் எப்படி எதிர்வினை செய்கிறது என்பதற்கு. ஆக, இங்கே பேஸ்லைன் என்றால் கலையாத விலங்கின் அளவு.

இரண்டு, மேலே சொன்ன கப்பல் கதை: முன்னொரு காலத்துப் பதிவு. மூன்று, புள்ளியியல் வீச்சு. அதை நி. சொல்லட்டும், அவர் துறை.

நி.

‘இயல்நலம்’ வாபஸ்.

மூன்றாவது: அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கி மேலும் கீழும் 2.5 சதவீதம் கழித்தால் நடுவில் நிற்கும் 95 சதவீதம். ‘ரெஃபரன்ஸ் இன்டர்வெல்’ என்பார்கள். க. இதை ‘மேற்கோள் இடைவெளி’ என்று பெயர்த்திருக்கிறார். மன்னிக்கவும், அது மேற்கோள் குறிக்குள் விட்ட காலி இடம். ‘ஒப்பீட்டு வீச்சு’ என்று வையுங்கள்.

கூடவே ஓர் எச்சரிக்கையும் இயலில் வேண்டும். இந்த முறைக்குக் குறைந்தது 120 விலங்கு தேவை. 40-க்கும் 120-க்கும் இடையில் என்றால் வேறு கணக்கு முறைகள் உண்டு. 20-க்குக் கீழே வீச்சே சொல்லக்கூடாது. சிறுமம், பெருமம், இடைநிலை மட்டும் அட்டவணையில் போட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். இசபெலா தீவின் ஊல்ஃப் எரிமலையில் மட்டும் வாழும் இளஞ்சிவப்பு இகுவானா 2009-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. மொத்தமே சில நூறுதான். அதில் 120-ஐ எங்கே போய்ப் பிடிப்பது? பிடித்தாலும் முட்டை சூல்கொண்ட பெண்ணையும் ஆணையும் ஒரே பட்டியலில் சேர்க்க முடியாது. மஞ்சள்கரு உருவாகும்போது பெண்ணுக்குக் கால்சியமும் பாஸ்பரசும் ஏறும். அது நோய் அன்று.

வே.

> அது நோய் அன்று

நல்ல இடத்தில் ‘அன்று’ வந்தது, மகிழ்ச்சி.

சற்று விலகுகிறேன், பொறுத்தருள்க. ஏன் ‘இகுவானா’? குறுந்தொகை 140: ‘வேதின வெரிநின் ஓதி முது போத்து’. வேதினம் கருக்கரிவாள்; வெரிந் முதுகு; போத்து ஆண். கருக்கரிவாள் போல முதுகு உள்ள கிழட்டு ஆண் ஓந்தி. கடல் இகுவானாவின் முதுகுமுள் வரிசையை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்? ‘கடலோந்தி’ என்று வைக்கலாமே. மேலும் அந்தப் பாட்டில் வழிப்போக்கர் ஓந்தியை வைத்து நிமித்தம் பார்க்கிறார்கள். நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள், ஊசியோடு?

சு.

ஓந்தி வேறு குடும்பம், இகுவானா வேறு குடும்பம், ஐயா. முதுகு ஒன்றுபோல் இருப்பதால் பெயரைத் தூக்கிக் கொடுத்தால், தோட்டத்து ஓணானைப் பிடித்து இந்த அட்டவணையோடு ஒப்பிட ஒரு மாணவனாவது கிளம்புவான். ‘கருக்கரிவாள் முதுகு’ என்ற விவரணையை மட்டும் எடுத்துக்கொள்வோம், அது அருமை.

மா.

நிமித்தம் என்றதில் பாதி உண்மை இருக்கிறது. எல் நீனோவில் கடல் சூடாகிப் பாசி அற்றுப்போகும்போது கடல் இகுவானா மெலிவதோடு நிற்பதில்லை, நீளமே குறைகிறது. இரண்டு ஆண்டில் 20 சதவீதம் வரை குறைந்ததாக 2000-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இது நம் சொல்லையும் தொடும். உடற்கட்டுக் குறியீடு என்பது கிராமில் எடையை, மில்லிமீட்டரில் மூக்கு–கழிவாய் நீளத்தின் மும்மடியால் வகுத்து, 10 லட்சத்தால் பெருக்குவது. உதாரணத்துக்கு 1,000 கிராம், 300 மி.மீ. என்றால் 37. பஞ்சத்தில் எடை 700 ஆகி நீளம் 285 ஆகச் சுருங்கினால் 30.2. பழைய நீளத்தை வைத்தே கணக்கிட்டால் 25.9. சுருங்கிய விலங்கு தன் மெலிவையே மறைத்துக் காட்டுகிறது. எனவே பேஸ்லைன் அட்டையில் குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு எடையையும் நீளத்தையும் எழுதாமல் விட்டால் அந்த அட்டை பிறகு ஒன்றுக்கும் உதவாது. வாலைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். வால் அறுந்தும் வளரும்.

‘நலம்’ என்ற பாதிக்கும் எனக்கு மறுப்பு. இந்த விலங்குகளில் உண்ணியும் இரத்த ஒட்டுண்ணியும் சர்வ சாதாரணம். அவையும் சேர்ந்ததுதான் அங்கே பேஸ்லைன். ‘நலம்’ என்றதும் நோயில்லாதவற்றைப் பொறுக்கி எடுத்து அளக்கத் தோன்றும். நாம் அளப்பது நிலை. நல்லதா கெட்டதா என்பது பிறகு.

க.

நன்றி. ‘நலம்’ போய் ‘உடல்நிலை’ வரட்டும். ஆனால் ‘அடிநிலை உடல்நிலை’ என்றால் இரண்டு நிலை இடிக்கிறதே?

மா. அவர்களே, இரத்தம் எடுக்கும் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். ‘வால்சிரையில் தெளிந்த திரவம் வந்தால் மாதிரி தூய்மையானது’ என்று பெயர்த்திருக்கிறேன். மூலம் குழப்பமாக இருந்தது.

மா.

ஐயோ, தலைகீழ்! உடனே மாற்றுங்கள். தெளிந்த திரவம் என்றால் நிணநீர். வால்சிரைக்குப் பக்கத்திலேயே நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. ஊசி அதில் பட்டால் நீர்த்த இரத்தம் வரும். சிவப்பணு விகிதம் குறைந்து காட்டும். நலமான விலங்குக்கு இரத்தசோகை என்று எழுதிவைப்பீர்கள். திட்டமாகத் தெளிநீர் தெரிந்தால் ஊசியை எடுத்துவிட்டுப் புது ஊசியில் மறுபடி தொடங்க வேண்டும்.

இந்த வரிசையையும் சேர்த்துவிடுங்கள். விலங்கை மல்லாத்தி, வாலின் அடிப்பக்கம் நடுக்கோட்டில், கழிவாய்க்குப் பின்னால் போதிய இடம் விட்டு (ஆணுக்கு அங்கே இனவுறுப்புகள் மடங்கி இருக்கும்) முதுகெலும்பைத் தொடும்வரை ஊசியைச் செலுத்தி, சற்றே பின்னிழுத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். வேகமாக இழுத்தால் சிரை ஒட்டிக்கொள்ளும். 1 கிலோ விலங்கில் மொத்த இரத்தமே 50 முதல் 80 மி.லி.; அதில் பத்தில் ஒரு பங்குதான் உச்சவரம்பு. நம் சோதனைகளுக்கு 1, 2 மி.லி. தாராளம்.

முதல் சொட்டு ஸ்லைடில் ஸ்மியருக்கு (மெலிதாகத் தேய்த்துப் பரப்பிய இரத்தப் படலம்), இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் படுமுன். ஹெப்பாரின் கலந்த இரத்தத்தில் ஸ்மியர் நீலம் பாரித்துப் போகும். அடுத்தது, தசை உழைப்பால் இரத்தத்தில் சேரும் லாக்டேட், ஏனென்றால் திமிறத் திமிற அது ஏறிக்கொண்டே போகும். பிடித்த நேரமும் எடுத்த நேரமும் இல்லாத லாக்டேட் அளவு வெறும் எண். கையடக்க இரத்தப் பகுப்பி 37 டிகிரியில் வேலை செய்யும், விலங்கு அந்த வெப்பத்தில் இராது. எனவே கழிவாய் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு காரஅமில அளவையும் வாயு அளவுகளையும் திருத்த வேண்டும். அணுக்களை எண்ண மனித ஆய்வகத் தானியங்கிக் கருவி ஆகாது. ஊர்வனவற்றின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. கருவி அதை வெள்ளையணு என்று எண்ணிவிடும். கண்ணால்தான் எண்ண வேண்டும்.

நி.

முதல் பொருளுக்கு மா. போகிற போக்கில் சொல்லிவிட்டார், யாரும் கவனிக்கவில்லை: ‘கலையாத விலங்கின் அளவு’. கலையாநிலை அளவு. 3 நிமிடம் தாண்டினால் அது கலைந்த அளவு. விளக்கமே வேண்டாம்.

வே.

கலையா — ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒப்புக்கொள்கிறேன். இந்த இழையில் பிறந்த ஒரே தமிழ்ச்சொல்.

சு.

எனக்கும் சம்மதம். தலைப்புக்கு ‘அடிநிலை’ என்பதில் நான் மாறவில்லை. ‘அடிநிலை என்றால் கீழ்மட்டம்தானே’ என்று கேட்கக் கூடும். கேட்கட்டும்; முதல் பத்தியில் ஒரு வரி விளக்கினால் தீர்ந்தது.

மா.

எனக்கு ‘ஒப்புநிலை’ பிடிக்கும். எதோடு ஒப்பிட என்ற கேள்வியை அது எழுப்பும். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் மீன்வளத்தை வைத்துச் சொன்னதுபோல, ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்டதையே தொடக்கம் என்று எண்ணிக்கொள்கிறது. 1835-இல் டார்வின் சான்டியாகோ தீவில் நில இகுவானா வளைகள் இல்லாத இடம் பார்த்துக் கூடாரம் போடவே திண்டாடினார். பிறகு அந்தத் தீவில் அவை அற்றே போயின. 2019-இல்தான் வடக்கு செய்மோர் தீவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் ‘அடி’ எது, 1835-ஆ, 2019-ஆ? ஆனாலும் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் தடுக்கமாட்டேன்.

க.

இதுவரை: அடிநிலைக்கு சு., நி., நான். ஒப்புநிலைக்கு மா., ஆனால் தடுக்கவில்லை. கட்டளைக்கு வே. ஐயா. எனவே தலைப்பு ‘அடிநிலை உடல் ஆய்வு’. நலமும் இல்லை, இரண்டு நிலையும் இல்லை. ஹார்மோன் பக்கத்தில் ‘கலையாநிலை அளவு’. புள்ளியியலில் ‘ஒப்பீட்டு வீச்சு’. கப்பல் கதையில் ‘கசிவுக்கு முந்தைய பதிவு’ என்று நேராகவே எழுதிவிட்டேன், அங்கே கலைச்சொல்லே தேவைப்படவில்லை. படம் 6.2-இன் கீழ் ‘கருக்கரிவாள் போன்ற முதுகு’ போயிருக்கிறது.

நிணநீர் வரியைத் திருத்திவிட்டேன்.

வே.

‘அடிநிலை’க்கு என் மறுப்பு பதிவாக இருக்கட்டும். சொல்லடைவிலாவது ‘அடிநிலை, காண்க: கட்டளை’ என்று ஒரு வரி சேர்க்க இயலுமா?

பி.கு.: மா. ஏழெட்டு இடத்தில் ‘ஸ்மியர்’ என்று எழுதியிருக்கிறார். கையேட்டில் அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

க.

ஏழெட்டு இல்லை ஐயா, இரண்டு இடம். ‘ஸ்மியர்’ என்றே போட்டிருக்கிறேன். புது இழை தொடங்குங்கள், ஆனால் சனிக்கிழமை.