மாலகைட் கல்: வரிகள் உண்மையானவையா, வந்த வழி நேர்மையானதா?

கேள்வி: பச்சைவரி

வணக்கம். மேசை மீது வைத்துப் பார்ப்பதற்காக உள்ளங்கை அளவில் ஒரு மாலகைட் கல் வாங்க விரும்புகிறேன். வெட்டிய மரத்தின் வளையங்களைப் போலப் பச்சைக்குள் பச்சையாக வரிகள் சுற்றிச் சுற்றி ஓடும் அந்தக் கல்லைப் படத்தில் கண்ட நாளிலிருந்து மனம் அதை விட்டு அகலவில்லை. ஆனால், விற்பனைக்கு வரும் கற்களைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் இரண்டு கற்களில் ஒன்றை "இயற்கைப் படிகம்" என்கிறார்கள். மற்றொன்றை "ரீகன்ஸ்டிட்யூட்டட்" என்கிறார்கள். பெரும்பாலான கற்கள் காங்கோவிலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். அந்நாட்டுச் சுரங்கங்களில் குழந்தைகளும் உழைப்பதாகப் படித்த பிறகு, அழகுக்காக மட்டும் வாங்கும் ஒரு பொருளுக்கு இப்படியொரு விலையை யாரோ கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி உறுத்துகிறது. போலியை எப்படி இனம் காண்பது, கல் வந்த வழியை எப்படி விசாரிப்பது என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கல்லடுக்கு

படிகம் என்றதும் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் ஒற்றைப் படிகத்தை எதிர்பார்க்க வேண்டாம். மாலகைட் என்பது செம்பின் கார்பனேட் கனிமம். மயிரிழை போன்ற நுண்படிகங்கள் கோடிக்கணக்கில் நெருங்கி வளர்ந்த திரள். செம்புத் தாதுப் படிவின் மேற்பகுதியில், காற்றும் மழைநீரும் புகுந்து தாதுவைக் கரைக்கும் இடத்தில், அந்தச் செம்புநீர் கார்பனேட்டுடன் சேரும்போது இது பாறையின் பிளவுகளிலும் பொந்துகளிலும் அடுக்கடுக்காகப் படிகிறது. நீரின் தன்மை மாறும்போது படியும் இழைகளின் பருமனும் மாறுகிறது. இழைகள் மிக நுண்ணியவையாக உள்ள அடுக்கு வெளிர்பச்சையாகவும், சற்றுப் பருத்தவையாக உள்ள அடுக்கு கரும்பச்சையாகவும் தெரிகின்றன. பொந்தின் கூரையிலிருந்து விழுதாகத் தொங்கி வளர்ந்த கல்லைக் குறுக்கே வெட்டினால் வளையங்கள் கிடைக்கும். அதே விழுதை நீளவாக்கில் வெட்டினால் இணைகோடுகள் கிடைக்கும். ஆகவே, நாம் காணும் கோலத்தில் பாதி நிலத்தின் வேலை, பாதி வெட்டியவர் தேர்ந்த கோணத்தின் வேலை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் போலி பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். என்னிடம் உள்ள மாலகைட் வில்லையை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கும்போது, கண்ணுக்கு ஒற்றைக் கோடாகத் தெரிந்தது ஏழெட்டு நிறச்சாயல்களாகப் பிரிகிறது. ஒரு வரி ஓரிடத்தில் அகன்று, அரை விரல் தூரத்தில் ஊசிமுனையாகச் சுருங்கி, அடுத்த வரிக்குள் மறைகிறது. சில அடுக்குகளில் பட்டுத்துணியைத் திருப்பும்போது தெரிவது போன்ற மினுமினுப்பு இருக்கிறது. பிசினால் செய்த போலியில் வரிகள் வரைந்தவை போல ஒரே அகலத்தில், சட்டென்று முடியும் ஓரங்களுடன், பல சமயம் கறுப்பும் பச்சையும் மாறி மாறி வரும். பாசிமணிகளாக வாங்கினால், ஒரே கோலம் இரண்டு மணிகளில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

நான் பெரிதும் நம்புவது எடையைத்தான். மாலகைட்டின் அடர்த்தி பெரும்பாலும் தண்ணீரைப் போல 3.6 முதல் 4 மடங்கு வரை இருக்கும். வெறும் பிசின் 1.5-ஐக்கூட எட்டுவது அரிது, கண்ணாடி ஏறத்தாழ 2.5. சமையலறைத் தராசும் ஒரு நூலும் போதும். என் வில்லை காற்றில் 412 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தபோது 305 கிராம். வித்தியாசமான 107-ஆல் 412-ஐ வகுத்தால் 3.85 வருகிறது. கல்தூளைப் பிசினில் குழைத்து அழுத்திய "ரீகன்ஸ்டிட்யூட்டட்" வகை இந்தச் சோதனையில் குறைவாகவே காட்டும். அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள்; பாலிஷ் போட்ட கல்லில் அதைச் செய்யாதீர்கள், மங்கிய வடு நிரந்தரமாக நின்றுவிடும்.

பதில்: சுரங்கவழி

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோல்வேசி நகரைச் சுற்றியுள்ள செம்பு-கோபால்ட் படிவுகளில்தான் சந்தைக்கு வரும் மாலகைட்டின் பெரும்பகுதி கிடைக்கிறது. அங்கே பெரிய நிறுவனங்களின் சுரங்கங்களுக்கு அருகிலேயே கையால் குழி தோண்டுபவர்களும் இருக்கிறார்கள். கோபால்ட் தோண்டும் அத்தகைய குழிகளின் அபாயத்தையும், அங்கே குழந்தைகள் தாதுவைப் பொறுக்கிக் கழுவிச் சுமப்பதையும் 2016 ஜனவரியில் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனல் விரிவாக ஆவணப்படுத்தியது. ஆகவே, உங்கள் கவலைக்கு அடிப்படை இருக்கிறது.

இங்கே ஏமாற வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. ஆயுத மோதல்களுக்குப் பணமாகும் வைரங்களைத் தடுக்க 2003-இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்று ஏற்பாடு பட்டை தீட்டாத வைரங்களுக்கு மட்டுமே உரியது. மோதல் பகுதிக் கனிமங்கள் பற்றிய அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் அமலில் உள்ள விதிமுறையும் தகரம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கைத்தான் குறிக்கின்றன. மாலகைட் இவற்றில் எதிலும் இல்லை. எனவே, ஒரு மாலகைட்டின் மேல் "அறநெறிச் சான்று பெற்றது" என்று ஒட்டியிருந்தால், யார் எதைச் சோதித்துச் சான்று தந்தார்கள் என்று கேட்டாக வேண்டும். பதில் இல்லையென்றால் அது விற்பவர் தாமே எழுதிய வாசகம்.

நான் மூன்று விற்பனையாளர்களுக்கு ஒரே கடிதத்தை எழுதினேன்: வெட்டாத கட்டியை யாரிடம் வாங்கினீர்கள், எந்த ஊர்ப் பகுதியில் எடுத்தது, எங்கே வெட்டினார்கள், வெட்டும்போது தண்ணீர் ஓடவிட்டார்களா? ஒருவர் "ஆப்பிரிக்கா" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். ஒருவர் பதிலே எழுதவில்லை. மூன்றாமவர் தாம் யாரிடம் வாங்கினார் என்பதை எழுதி, மண் ஒட்டிய கட்டியின் படத்தையும், சுழலும் வாளின் மேல் தண்ணீர் கொட்டும் பட்டறைப் படத்தையும் அனுப்பினார். அவரிடமே வாங்கினேன். தண்ணீரைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு: மாலகைட்டின் எடையில் பாதிக்கு மேல் செம்பு, உலர்வெட்டில் பறக்கும் அந்தத் தூள் வெட்டுபவரின் நுரையீரலுக்குத்தான் போகும். சுரங்கத்தைப் பேசுகிறவர்கள் பட்டறையை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

பதில்: பழையபெட்டி

மேலே எழுதியவரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பட்டறைப் படம் பட்டறையைத்தான் காட்டும், குழியைக் காட்டாது. அதனால் நான் பழைய சேகரிப்புகளிலிருந்து மட்டுமே வாங்குகிறேன். புதிதாக எந்தக் கல்லையும் தோண்ட என் பணம் தூண்டுவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய பூச்சாடிகளும் பெட்டிகளும் முழுக்கல்லால் ஆனவை என்று நினைத்துவிடக் கூடாது. உரால் மலைக் கற்கள் புகழ்பெற்றிருந்த 19-ஆம் நூற்றாண்டில், ரஷ்யக் கைவினைஞர்கள் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லைகளை வரியோடு வரி பொருத்தி வேறொரு கல்லின் மேலோ உலோகத்தின் மேலோ ஒட்டினார்கள். 1837-ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் குளிர்கால அரண்மனையில் அமைந்த மாலகைட் மண்டபத்தின் தூண்களும் அப்படித்தான். அது போலி அன்று, பெருங்கலை. ஆனால் எடைச் சோதனை அங்கே பொருந்தாது.

பதில்: சுரங்கவழி

படம் குழியைக் காட்டாது என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், உலகெங்கும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் கையால் தோண்டிப் பிழைக்கிறார்கள். எல்லோரும் விலகிக்கொண்டால் அவர்களிடம் கேள்வி கேட்டு வாங்கும் ஆள் இல்லாமல், கேட்காமல் வாங்குபவர் மட்டுமே மிஞ்சுவார். அதனால்தான் நான் விலகவில்லை.

பதில்: பச்சைவரி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த நான்கு கேள்விகளையும் இரண்டு விற்பனையாளர்களுக்கு இன்றே எழுதிவிட்டேன். கல் வந்த பிறகு அதை எப்படிப் பேண வேண்டும்? இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து அந்நீரைக் குடிக்கலாம் என்றும் ஓரிடத்தில் எழுதியிருந்தார்கள்.

பதில்: கல்லடுக்கு

அந்த நீரைக் குடிக்காதீர்கள். செம்பு கரைந்து இறங்கக்கூடும், நீரில் சிறிது புளிப்பு இருந்தால் இன்னும் விரைவாக இறங்கும். இந்தக் கல்லின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவில் 3.5 முதல் 4 வரைதான். குவார்ட்ஸ் மணல் கலந்த தூசியே அதைக் கீறிவிடும் என்பதால், உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காமல் ஈரத் துணியால் ஒற்றியெடுத்து உடனே உலர்த்துங்கள். எலுமிச்சை, வினிகர், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகியவற்றை அருகில் கொண்டுவர வேண்டாம். விற்பவர்களின் பதில் வந்ததும் இங்கே பதிவிடுங்கள். கல்லின் பாலிஷ் போடாத பின்பக்கப் படத்தையும் கேட்டு வாங்குங்கள், திராட்சைக் குலை போன்ற மொட்டுகள் அங்கே இருந்தால் எனக்கும் பார்க்க ஆவல்.