பெனிபிட் வெட்டும் அரசின் செலவும்: உங்களுக்கு நடந்த வாக்குவாதங்களை எழுதுங்கள்

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

பிரிட்டனில் அரசு தரும் உதவிக் காசு, அதாவது பெனிபிட் பற்றிப் பேச்சு வந்தால் நம் சனத்துக்குள்ளேயே குரல் உயர்ந்துவிடுகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்தில் எம்.பி.க்கள் மோதிக்கொள்வது செய்தியில் வருகிறது. வீட்டிலும் கடையிலும் வேலையிடத்திலும் நாம் மோதிக்கொள்வதை யாரும் எழுதுவதில்லை. யாரோடு, எதைப் பற்றி வாதாடினீர்கள், அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள். முதலில் நான்.

2025 ஜூன் கடைசி வார இறுதி. கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற இடத்தில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. சாப்பாட்டு மேசையில் அத்தான், நான், பெரியம்மாவின் மகள். அத்தான் கணக்காளர். இரக்கம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஊரில் உள்ள பிள்ளைகளின் படிப்புக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறவர்.

அந்த வாரம் முழுக்க ஒரே செய்திதான். மார்ச்சில் அப்போதைய பெனிபிட் துறை அமைச்சர் லிஸ் கெண்டல் அறிவித்த வெட்டுக்கு எதிராக ஆளும் லேபர் கட்சி எம்.பி.க்களே 120 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அரசு கொஞ்சம் இறங்கி வந்தது: ஏற்கெனவே பிப் வாங்குபவர்களைத் தொடமாட்டோம், இனி விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் புது விதி.

பிப் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீண்டகால நோயோ உடல் இயலாமையோ உள்ளவர்களுக்கு, அதனால் கூடும் செலவுக்காகத் தரும் காசு அது. வேலைக்குப் போனாலும் கிடைக்கும்; வருமானத்தைப் பார்ப்பதில்லை. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது என்று பத்து அன்றாட வேலைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். எல்லாம் சேர்த்து 8 வந்தால் 2025-26இல் வாரம் 73.90 பவுண்ட், 12 வந்தால் 110.40. புதுத் திட்டம் என்ன சொன்னது என்றால், மொத்தம் 8 வந்தாலும் போதாது, ஏதாவது ஒரு வேலையிலாவது தனியாக 4 புள்ளி வரவேண்டும். இடுப்புக்குக் கீழே கழுவ இன்னொருவர் உதவி வேண்டுமென்றால் 2 புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் இடையே கழுவ உதவி வேண்டுமென்றால் 4. உடுத்துவதிலும் அப்படித்தான், கீழ் உடம்புக்கு 2, மேல் உடம்புக்கு 4. தன் காலைத் தானே கழுவ முடியாத ஒருவர், சமையலுக்கும் கருவி வேண்டும், கழிவறையிலும் பிடிமானம் வேண்டும், பாவாடை கட்டவும் ஆள் வேண்டும் என்ற நிலையில் இருந்தாலும் இரண்டு இரண்டாக 8தான் எடுப்பார். புது விதிப்படி அவருக்கு இந்தக் காசு கிடையாது.

பெரியம்மாவின் மகளுக்கு அந்த எட்டுத்தான். மூட்டுவாதம். பள்ளிக்கூடச் சமையலறையில் பகுதிநேர வேலை செய்கிறாள். கை வீங்கும் நாட்களில் வேலைக்கு டாக்ஸியில் போவதும், வீட்டில் மரக்கறி வெட்ட ஆள் வைப்பதும் அந்தக் காசில்தான். அத்தானுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் அவளைப் பார்த்து, "உனக்கு ஒண்டும் ஆகாது, நீ யோசிக்காத" என்றார். அவள் சாப்பிடுவதை நிறுத்தாமலே, "எனக்குப் பிறகு இந்த வருத்தம் வாறவைக்கு என்ன அத்தான்?" என்று கேட்டாள்.

அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு விண்ணப்பங்கள் எவ்வளவு கூடியிருக்கின்றன, பென்ஷனும் பெனிபிட்டும் சேர்த்து வருடம் 300 பில்லியன் பவுண்டைத் தாண்டிவிட்டது, இதை யார் கட்டுவது என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த விதி எப்படிப் பிறந்தது என்பதில்தான் எனக்குக் கோபம். 2030க்குள் வருடத்துக்குச் சுமார் 5 பில்லியன் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று முதலில் தொகை வந்தது. புள்ளிக் கணக்கு அந்தத் தொகைக்குப் பொருந்த வந்தது. இரண்டரை லட்சம் பேர் கூடுதலாக வறுமைக்குள் போவார்கள், அதில் 50,000 பிள்ளைகள் என்று அரசின் சொந்த மதிப்பீடே மார்ச்சில் சொன்னது. இதைத் தெரிந்துகொண்டே மேசையில் வைத்தார்கள். நான் இதைச் சொன்னபோது என் குரல் கூடிவிட்டது, பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. கூடட்டும்.

ஜூலை 1 அன்று எங்கள் தொகுதி எம்.பி. ஸ்டீபன் டிம்ஸ்தான் பெனிபிட் துறையின் இணை அமைச்சராக, விவாதத்துக்கு நடுவே எழுந்து பிப் பகுதியை எடுத்துவிடுகிறோம் என்றார். அதற்குப் பிறகுதான் 335க்கு 260 என்று மசோதா தப்பியது. பிப்பை அவர் தலைமையில் ஆராய்ந்துவிட்டுத்தான் கை வைப்பது என்று முடிவானது. அந்த ஆராய்ச்சியை முதலிலேயே செய்திருக்கலாம் என்று அத்தானும் ஒத்துக்கொண்டார். வருமானம் குறைந்தவர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட்டில் நோய்க்காகத் தரும் கூடுதல் தொகை மட்டும் தப்பவில்லை. 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோருக்கு அது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பிப் சத்தத்தில் அது பலர் காதில் விழவே இல்லை.

டூட்டிங்கிலிருந்து:

தங்கச்சி, நான் உங்கள் அத்தான் பக்கம். ஆனால் முழுக்க இல்லை. எனக்குக் கடைகள் இருக்கின்றன. 2025 ஏப்ரலில், ஆட்களின் சம்பளத்துக்கு மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 15 வீதம் ஆனது. முன்பு ஓர் ஆளின் சம்பளத்தில் 9,100 பவுண்டுக்கு மேல்தான் கட்டினோம், இப்போது 5,000இலிருந்தே. சின்னக் கடைகளுக்கு 10,500 பவுண்ட் வரை தள்ளுபடி உண்டு, இரண்டு மூன்று பேர் வைத்திருப்பவருக்கு அது தாங்கும். என் அளவில் உள்ளவர்களுக்குத் தாங்காது. அதே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 12.21 ஆனது. அதை நான் குறை சொல்லவில்லை, என் பிள்ளைகள் மாதிரியான பொடியன்கள்தான் அதை வாங்குகிறார்கள். செலவு எங்கிருந்தோ வரவேண்டும், அது என் கல்லாப்பெட்டியிலிருந்தும் வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்கு நடந்தது வேறு. 2024 குளிர்காலம். எங்கள் கடையில் கரண்ட், கேஸ் மீட்டருக்குக் காசு ஏற்றலாம். வழக்கமாக வரும் ஒரு வெள்ளைக்கார அம்மா, எண்பதை நெருங்கியவர், அஞ்சு பவுண்ட், அஞ்சு பவுண்டாக ஏற்றுவார். அந்த வருடம் ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், குளிரில் வீட்டைச் சூடாக்க முதியவர்களுக்குத் தரும் விண்டர் ஃபியூவல் காசை, குறைந்த வருமான முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் போன்ற உதவிகள் வாங்குபவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார். ஏறக்குறைய ஒரு கோடி முதியவர்களுக்கு நின்றது. இந்த அம்மாவுக்குக் கணவரின் கம்பெனி பென்ஷனில் சின்னத் துண்டு ஒன்று வருகிறது. அது அவரை எல்லைக்குச் சற்று மேலே தள்ளிவிட்டது. பத்துப் பவுண்டோ என்னவோ கூட வருவதற்காக 200 பவுண்ட் போனது.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர் ஒருவர், "உங்கள் தலைமுறைக்கு வீடு இருக்கிறது, எனக்கு அறை வாடகைக்கே சம்பளம் போகிறது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா, "எனக்கு வீடு இல்லை தம்பி, கவுன்சில் பிளாட்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் வாடகையைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் பில் போடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பணக்கார முதியவருக்கு அந்தக் காசு தேவையில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் பிரச்சினை. 2025 ஜூனில் வருட வருமானம் 35,000 பவுண்ட் வரை உள்ளவர்களுக்குத் திரும்பத் தருவதாகச் சொன்னார்கள். அதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு குளிர்காலம் அந்த அம்மா கம்பளிக்குள் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தங்கச்சி, கடனுக்கு வட்டி மட்டும் வருடம் 100 பில்லியனுக்கு மேல் போகிறது. வெட்டவே கூடாது என்று சொல்பவர்கள் இந்த எண்ணை எங்கே வைப்பார்கள் என்று எனக்கு யாராவது விளக்க வேண்டும்.

லெஸ்டரிலிருந்து:

நான் திருநெல்வேலிப் பக்கம். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை, விசாவில் வந்திருக்கிறேன். ஒரு தாத்தா வீட்டில் காலையில் அவரைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுக்கும்போது டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மகன் வெளியூரிலிருந்து வந்திருந்தார். "எங்கள் வரிப் பணமெல்லாம் வெளியிலிருந்து வருபவர்களின் பெனிபிட்டுக்குத்தான் போகிறது" என்றார். என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நான் அங்கே நிற்பதே அவருக்கு அந்த நேரம் நினைவில் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

போனை எடுத்து என் இ-விசாவைக் காட்டினேன். அதில் பொது நிதி எதையும் பெறக் கூடாது என்ற நிபந்தனை தெளிவாக எழுதியிருக்கும். யூனிவர்சல் கிரெடிட் கிடையாது, குழந்தைக்கான சைல்ட் பெனிபிட் கிடையாது, கவுன்சில் வீடு கிடையாது. வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "இது எனக்குத் தெரியாது" என்றார். உடனே பேச்சைப் படகில் அடைக்கலம் தேடி வருபவர்கள் பக்கம் திருப்பினார். நான் விடவில்லை. தாத்தாவுக்குப் பராமரிப்புக்காக வரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பெனிபிட்தானே என்று கேட்டேன். "அது அப்பா வாழ்நாள் முழுக்கக் கட்டியது" என்றார். உண்மையில் அதற்கும் கட்டிய கணக்குக்கும் சம்பந்தமே இல்லை, எவ்வளவு உதவி தேவை என்றுதான் பார்க்கிறார்கள். அதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. போகும்போது டீ போட்டுத் தந்தார்.

எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு கவலை. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து வருடம் என்று நம்பி வந்தோம். குடியேற்றம் பற்றிய அரசின் 2025 மே வெள்ளை அறிக்கையில் அதைப் பொதுவாகப் பத்து ஆக்கும் திட்டம் வந்தது. அதுவரை வேலை போனாலும் உடம்பு முடியாமல் போனாலும் பெரும்பாலான உதவிகளின் கதவு மூடித்தான் இருக்கும். பெனிபிட் விவாதத்தில் எங்களைச் செலவுக் கணக்கில் பேசுகிறார்கள், வரவுக் கணக்கில் யாருமே பேசுவதில்லை.

மில்டன் கீன்ஸிலிருந்து:

சுருக்கமாக. அம்மாவுக்கு மறதி நோய், நான்தான் பார்க்கிறேன். கேரர்ஸ் அலவன்ஸ் வேண்டுமென்றால் வாரம் 35 மணி நேரமாவது பராமரிக்க வேண்டும். 2024-25இல் வேலையில் வாரம் 151 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கவும் கூடாது. ஒரு பவுண்ட் கூடினாலும் அந்த வாரத்துக்கான 81.90 முழுதும் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் ஏற்பாடே இல்லை.

கிறிஸ்துமஸ் நேரம் மேலாளர் கூடுதல் ஷிப்ட் எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். "இதனால்தான் நாடு முன்னேறவில்லை, வேலை கொடுத்தால் பெனிபிட்டுக்காக மறுக்கிறார்கள்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். காகிதத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அந்த ஷிப்டை எடுத்தால் கைக்கு வருவது குறையும். தெரியாமல் எல்லை தாண்டிய பல பராமரிப்பாளர்களிடம் பின்னால் ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்டார்கள் என்பது நாடறிந்த விஷயம். பார்த்துவிட்டு, "இதை யார் இப்படி எழுதினார்கள்?" என்று அவரே கேட்டார். 2025 ஏப்ரலில் எல்லை 196 ஆனது, அப்போதைய குறைந்தபட்சச் சம்பளத்தில் 16 மணி நேர வேலைக்குச் சரியாக வந்தது. நல்லதுதான். ஆனால் 197ஆவது பவுண்டில் அதே பள்ளம்தான் இருந்தது.

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. லெஸ்டர் தம்பி எழுதியதை அத்தானுக்கு அனுப்பியிருக்கிறேன்.

டூட்டிங் அண்ணா, வட்டியை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த 300 பில்லியனில் பாதிக்கு மேல் முதியவர்களுக்குப் போகிறது. வேலை இல்லாத 25 வயதுக்கு மேற்பட்ட தனி ஆளுக்கு 2025-26இல் யூனிவர்சல் கிரெடிட் மாதம் 400 பவுண்ட்தான், வாடகை உதவி தனி. வருடாவருடம் விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 வீதம் இவற்றில் எது பெரிதோ அந்த அளவுக்குப் பென்ஷன் உயர வேண்டும் என்ற டிரிப்பிள் லாக்கைப் பெரிய கட்சிகள் தொடப் பயப்படுகின்றன. வாக்கு அங்கே இருக்கிறது. வெட்டு என்று வந்தால் கை நோயாளியிடமும் பிள்ளைகளிடமும்தான் போகிறது. யூனிவர்சல் கிரெடிட் போன்றவற்றில் இரண்டு பிள்ளைக்கு மேல் உதவி இல்லை என்ற விதி 2017 ஏப்ரலில் வந்தது. 2024 ஜூலையில் அதை நீக்க வாக்களித்த ஏழு லேபர் எம்.பி.க்களைக் கட்சி இடைநிறுத்தியது. அதே அரசு 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2026 ஏப்ரலிலிருந்து அந்த விதியை நீக்குகிறோம் என்றது. நடுவில் பிறந்து வளர்ந்த மூன்றாவது பிள்ளைகளுக்கு யார் என்ன திருப்பித் தருவார்கள்?

டூட்டிங்கிலிருந்து:

டிரிப்பிள் லாக் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், எனக்கு அறுபது தாண்டியும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை விதியை நீக்க 2030 அளவில் வருடம் 3 பில்லியன் ஆகும். அதே பட்ஜெட்டில்தான் வருமான வரி தொடங்கும் 12,570 பவுண்ட் எல்லையை 2031 வரை உயர்த்துவதில்லை என்று நீட்டினார்கள். என் கடைப் பொடியனுக்குச் சம்பளம் கூடக் கூட வரியும் கூடும். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அவனிடம் நான் என்ன சொல்ல?

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

அதே வரியைத்தான் நானும் கட்டுகிறேன் அண்ணா. பிள்ளைகளுக்குப் போகும் காசுக்காகக் கட்டச் சொன்னால் கட்டுவேன். அவனிடம் மட்டும் கேட்காமல், மூன்று வீடு வாடகைக்கு விட்டு உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்கச் சொல்வேன். உங்கள் பொடியன் என்ன சொல்கிறான் என்று அவனிடமே கேட்டு இங்கே எழுதுங்கள்.