பூச்சியியல் படிச்சா மருந்துக் கம்பெனி வேலைதானா?

தோட்டத்துக்காரன்:
அக்கா பையன் பி.எஸ்சி. அக்ரி கடைசி வருசம். எம்.எஸ்சி.க்குப் பூச்சியியல்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ரெண்டு வருசம் வண்டையும் வெட்டுக்கிளியையும் ஊசியில குத்திப் பெட்டியில அடுக்கிட்டு, கடைசியில மருந்துக் கம்பெனி பையோட எங்க தோட்டத்துக்கே வந்து நிப்பான். இந்தப் படிப்பால விவசாயிக்கு இதுவரைக்கும் ஒரு பைசா பிரயோசனம் உண்டா?

பூச்சிக்காரி:
கோயமுத்தூர்க்காரர் கேக்குற கேள்வியா இது? 2008ல பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டினதே உங்க ஊர்லதான். பப்பாளியோட நின்னுச்சா? மல்பெரி, மரவள்ளி, பருத்தின்னு ஏறுச்சு. மேல மெழுகு மாவு, அடிச்ச மருந்து உள்ள இறங்கல. மல்பெரியில கண்டபடி அடிக்கவும் முடியாது, இலையைத் தின்ன பட்டுப்புழு செத்துரும். 2010ல பெங்களூர்ல இருக்கிற தேசிய ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவிச்சுது. அதுல அசிரோபேகஸ் பப்பாயே ஒண்ணு. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு உள்ளயே தின்னு வெளிய வரும். அதை வேளாண் பல்கலைக்கழகத்துல பெருக்கித் தோட்டம் தோட்டமா விட்டாங்க, மாவுப்பூச்சி அடங்குச்சு. வந்தது எந்த இனம், பூர்வீகம் எது, அங்க அதைத் தின்னுறது எதுன்னு பிரிச்சுச் சொல்லணும்னா நீங்க கேலி பண்ற அந்தப் பெட்டிதான் வேணும்.

தோட்டத்துக்காரன்:
2010 ஐப்பசி கார்த்திகையில எப்படிப் பெஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கா? மாவுப்பூச்சி மழையில கழுவிட்டுப் போச்சு. பேரைக் குளவி வாங்கிக்கிச்சு.

பூச்சிக்காரி:
அப்ப 2009 நவம்பர்ல? நீலகிரி மண்சரிஞ்சு, எத்தனையோ பேர் செத்தாங்களே, அந்த மழையில ஏன் கழுவல?

தோட்டத்துக்காரன்:
மலையில பெஞ்சது எங்க தோட்டத்துல பெஞ்ச மாதிரி ஆயிடுமா? நான் பாத்ததைச் சொல்றேன், நீங்க படிச்சதைச் சொல்றீங்க. மழைதான்.

விலங்கியல்வாத்தியார்:
நடுவுல ஒண்ணு. பூச்சியியல்னு வந்துட்டா எல்லாரும் வேளாண் பல்கலைக்கழகத்தையே பேசுறீங்க. பி.எஸ்சி. விலங்கியல் படிச்ச என் மாணவன் அங்க பூச்சியியலுக்கு விண்ணப்பமே போட முடியாது. பூச்சி விலங்கு இல்லையா? சென்னை லயோலா கல்லூரியில பூச்சியியல் ஆய்வு மையத்தை உண்டாக்கின டி.என். அனந்தகிருஷ்ணன் விலங்கியல்காரர். இலைப்பேன்ல உலகமே அவரைத்தான் கேட்டுச்சு.

பூச்சிக்காரி:
ஐயா, அவர் மேல எங்களுக்கும் மரியாதை உண்டு. பயிரே தெரியாம வயல்ல இறங்குறவர் என்ன சிபாரிசு பண்ணுவார்? புதுச்சேரியில கொசு ஆராய்ச்சி மையம் பொதுச் சுகாதாரப் பூச்சியியல்னே எம்.எஸ்சி. நடத்துது. யானைக்கால், மலேரியா, டெங்கு எல்லாம் அங்கதான். உங்க மாணவரை அங்க அனுப்புங்க.

விலங்கியல்வாத்தியார்:
கொசு எங்களுக்கு, குளவி உங்களுக்கா? நல்ல பாகப்பிரிவினை.

ஏத்தாப்பூரான்:
மரவள்ளி போடுறவன் பேசுறேன். 2020ல கேரளாவில வந்த மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல்லை நாசம் பண்ணுச்சு. நுனியெல்லாம் சுருண்டு முட்டைக்கோசு மாதிரி ஆச்சு. ஆப்பிரிக்காவில இருந்து குளவி கொண்டுவந்து 2022ல எங்க ஊர் ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்க. என் காட்டுல குறைஞ்சுது. பக்கத்துக் காட்டுல இன்னும் இருக்கு.

பூச்சிக்காரி:
கேட்டுக்கோங்க தோட்டத்துக்காரரே. அது அனாகைரஸ் லோபெசி. பராகுவேல கண்டுபிடிச்சது. அதை வெச்சு ஆப்பிரிக்காவில மரவள்ளியைக் காப்பாத்தினதுக்கு பூச்சியியல் விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசே குடுத்தாங்க. அவர் மழைக்கா பரிசு வாங்கினார்? ஏத்தாப்பூர் அண்ணா, பக்கத்துக் காட்டுல மருந்து அடிக்கிறாங்களான்னு பாருங்க. அடிச்சா முதல்ல சாகுறது குளவிதான்.

தோட்டத்துக்காரன்:
ஆப்பிரிக்கா எதுக்கு? எங்க தோட்டத்துல மழைதான். அப்புறம், குளவி பலிச்சா படிப்பு, பலிக்கலேன்னா விவசாயி மருந்தடிச்சது தப்பு. தென்னை வெள்ளை ஈ பத்தி இங்க முன்னாடி ஓடின திரியிலயும் இதையேதான் சொன்னீங்க. மருந்தடிக்காதீங்க, என்கார்சியாங்கிற ஒட்டுண்ணிக் குளவி பாத்துக்கும்னு. மட்டையெல்லாம் கரும்பூசணம் பிடிச்சுக் கறுத்து நின்னுச்சு. காய் விலையில அடிபட்டது நான்.

பூச்சிக்காரி:
அந்தத் திரியை இப்பவும் படிக்கலாம். விசைத்தெளிப்பான்ல தண்ணி பீச்சுங்க, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க, ஒட்டுண்ணி இருக்கிற மட்டைத் துண்டை அடுத்த மரத்துல வைங்கன்னு சொன்னேன். நீங்க செஞ்சது என்ன? கடைக்காரர் சொன்னாருன்னு ரெண்டு மருந்தைக் கலந்து அடிச்சேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்தக் கடைக்காரர் பூச்சியியல் படிச்சவரா?

தோட்டத்துக்காரன்:
கடைக்காரர் கடன்ல மருந்து குடுக்குறார். உங்க பல்கலைக்கழகம் குடுக்குமா?

ஏத்தாப்பூரான்:
அந்தக் குளவி இப்ப எங்க கிடைக்கும்னு கேக்கத்தான் வந்தேன்.

விலங்கியல்வாத்தியார்:
பயிர் தெரியாதுன்னு சொன்னதுக்கு இன்னும் பதில் வேணும் எனக்கு. பூச்சியை இனம் பிரிக்கிற வேலை யாருடையது? மத்திய அரசோட விலங்கியல் கள ஆய்வுத்துறையில (ZSI) உக்காந்திருக்கிறவங்க எல்லாம் அக்ரி படிச்சவங்களா?

பூச்சிக்காரி:
ஐயா, உங்களுக்குத் தனியா எழுதுறேன். ஏத்தாப்பூர் அண்ணா, ஆராய்ச்சி நிலையத்துலயே கேளுங்க. தோட்டத்துக்காரரே, 2010ல மருந்துக்கு எவ்வளவு செலவு பண்ணீங்க, 2012ல எவ்வளவுன்னு கணக்கைப் போடுங்க. அதைப் போடாம மழை மழைன்னா எப்படி?

தோட்டத்துக்காரன்:
கணக்கெல்லாம் உங்ககிட்ட ஒப்படைக்கணும்னு எனக்கு அவசியமில்ல. பையனை மண்ணியல் எடுக்கச் சொல்லியாச்சு.

பூச்சிக்காரி:
பையனை இங்க வந்து பேசச் சொல்லுங்க. படிக்கப்போறது அவர்தானே.