பார்சலைக் கீறித் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள், வாரண்ட் வேண்டாமா? (அமெரிக்கா)

கேள்வி:
வேறு மாநிலத்தில் இருக்கும் தோழி அரசுத் தபாலில் அனுப்பிய பெட்டி நேற்று வந்தது. உள்ளே பழைய புத்தகங்கள், கூடவே எனக்கு ஒரு கடிதம். அவள் ஒட்டிய டேப்பைக் கத்தியால் நேராகக் கீறி, மேலே வேறு டேப் ஒட்டியிருக்கிறார்கள். எதுவும் காணாமல் போகவில்லை. ஆனாலும் கடிதத்தை யாராவது படித்திருப்பார்களோ என்று மனசு கேட்கவில்லை. இப்படிப் பிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டா?

பதில் 1:
முதலில் லேபிளைப் பாருங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ், பிரையாரிட்டி என்ற தபால் வகைகளில் ஒன்று போட்டிருந்தால் அது மூடிய தபால். சோதனை போட்டுப் பார்க்க நீதிபதியின் வாரண்ட் வேண்டும். வீட்டுக்குள் வைத்திருக்கும் காகிதங்களுக்கு உள்ள பாதுகாப்பு தபாலில் போகும் மூடிய கடிதத்துக்கும் உண்டு என்று எக்ஸ் பார்ட்டே ஜாக்சன் வழக்கில் 1878-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே எழுதியிருக்கும் முகவரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேட்டவர்:
மீடியா மெயில் என்று போட்டிருக்கிறதே?

பதில் 1:
அப்போ அதுதான் காரணமாக இருக்கும். மீடியா மெயில் புத்தகம் மாதிரியான பொருள்களுக்கான சலுகைக் கட்டணம். உள்ளே இருப்பது சலுகைக்குத் தகுதியானதுதானா என்று தபால் துறை வாரண்ட் இல்லாமலே திறந்து பார்க்கலாம். அனுப்புகிற நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை, கவுன்டரிலேயே எடுத்துச் சொன்னால் நன்றாயிருக்கும். ஆனால் அந்தச் சோதனை கட்டணத்தைச் சரிபார்க்கத்தான், கடிதம் படிக்க அல்ல. அந்தரங்கமான கடிதம் என்றால் தனி உறையில் ஃபர்ஸ்ட் கிளாஸில் அனுப்பச் சொல்லுங்கள்.

பதில் 2:
தனியார் கூரியர் என்றால் கதையே வேறு. நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், கம்பெனியை அல்ல. 1984-இல் தீர்ப்பான ஜேக்கப்சன் வழக்கில், ஃபோர்க்லிஃப்ட் இடித்துக் கிழிந்த பெட்டியைக் கூரியர் ஊழியர்களே திறந்தார்கள். உள்ளே வெள்ளைப் பொடி இருந்ததும் அதிகாரிகளைக் கூப்பிட்டார்கள். ஊழியர்கள் ஏற்கெனவே பார்த்ததை அதிகாரிகளும் வாரண்ட் இல்லாமல் பார்த்தது செல்லும் என்றது நீதிமன்றம்.

வெளிநாட்டிலிருந்து வருவதைக் கஸ்டம்ஸ் திறக்கலாம், 1977-இன் ராம்சே தீர்ப்பு அதை ஏற்றது. ஆனால் மூடிய உறைக்குள் இருக்கும் கடிதத்தை வாசிக்க அவர்களுக்கும் வாரண்டோ சம்மதமோ வேண்டும்.

கேட்டவர்:
சரி, புரிகிறது. இதுவே பிரையாரிட்டியில் வந்து, இப்படிக் கீறியிருந்தால்?

பதில் 1:
வழியில் கிழிந்த பெட்டியைத் தபால் நிலையமே திரும்ப ஒட்டி அனுப்புவதும் உண்டு. அதனால் எடுத்ததும் சந்தேகப்பட வேண்டாம். பொருள் குறைந்தாலோ, கத்திக் கீறல் இவ்வளவு தெளிவாக இருந்தாலோ, டேப்பையும் லேபிளையும் படம் எடுத்து, பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, தபால் துறையின் புலனாய்வுப் பிரிவான போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸில் புகார் கொடுங்கள்.